பேரருவியைப் பார்த்த தள்ளுகதவு

தள்ளுகதவு ரிப்பேர் என்று ஒரு தொழில் இருப்பது, அந்தத் தொழிலுக்கு நான் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு கதவு இருக்கும். மழைக்காலத்தில் சாத்த முடியாது; வெயில்காலத்தில் சாத்தினால் நிற்காது. அதை எட்டி உதைத்திருப்பீர்கள், சோப்புக்கட்டியைத் தேய்த்திருப்பீர்கள், இது தச்சன் குற்றமா, மரத்தின் குற்றமா, நம் தலையெழுத்தா என்று யோசித்து முடிவு தெரியாமல் படுத்துத் தூங்கியிருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதவு ஒழுங்காகச் சாத்துகிற பாக்கியசாலிகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

எங்கள் வீட்டில் கதை சொல்கிற பெரியவர்கள், "கோட்டைக் கதவு திறந்துச்சு, ராஜகுமாரன் உள்ள போனான்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். கதவு எந்தப் பக்கமாகத் திறந்தது, கீல் வைத்ததா, உருளை வைத்ததா என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு வைத்திருந்தால் பின்னால் கொஞ்சம் உதவியிருக்கும்.

பார்சலைப் பிரித்தவன்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தென்காசியில் ஞானமுத்து அண்ணாச்சியின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து ஒரு மில் முதலாளி, சாரலுக்கு வந்து தங்குவதற்காகக் குற்றாலத்தில் பேரருவி தெரிகிற ஒரு மேட்டில் பங்களா கட்டினார். மெட்ராஸ் இஞ்சினீயர் ஒருவர் படம் போட்டுக் கொடுத்திருந்தார். வராண்டாப் பக்கம் சுவரே கிடையாது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தேக்குச் சட்டம் போட்ட இரண்டு பெரிய கண்ணாடிக் கதவுகள். ஒன்று அசையாமல் நிற்கும். மற்றது தரையில் பதித்த இரும்புத் தண்டவாளத்தில் உருண்டுபோய் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் அதுவரை கதவென்றால் உள்ளே திறக்கும், இல்லையென்றால் வெளியே திறக்கும். பக்கவாட்டில் ஓடுகிற கதவைக் கூட்ஸ் வண்டியில்தான் பார்த்திருந்தோம்.

கதவுக்கான உருளைச் சக்கரங்கள் பம்பாயிலிருந்து எங்கள் கடை மூலமாகத்தான் வந்தன. மாட்ட வந்த மெட்ராஸ் ஆட்கள் மாட்டிவிட்டு ரயிலேறிவிட்டார்கள். "பின்னால ஏதாச்சும் கோளாறுன்னா யாரைக் கூப்புடுறது?" என்று முதலாளி கேட்டிருக்கிறார். பெரிய இடத்து வியாபாரம் கைவிட்டுப் போகக் கூடாதே என்று அண்ணாச்சியும், "எங்க கடையிலயே ஆள் இருக்குல்லா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கடைக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். தராசுக்குப் பின்னால் நான் நின்றேன். வேறு ஆள் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். என் குரல் கொஞ்சம் மெதுவான குரல். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் அவர் காதில் விழுந்தது.

"ஏலே, அந்தச் சக்கரப் பார்சலப் பிரிச்சது யாரு? நீதான? அப்ப நம்மள்ல உனக்குத்தாம்லே கூடத் தெரியும்!"

ஒரு விரல்

வெயில்காலம் முழுக்கக் கதவு தங்கமாக ஓடியது. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் முதலாளி நாலு சிநேகிதர்களோடு காரில் வந்து இறங்கினார். "இப்பப் பாருங்க" என்று சொல்லிக் கதவைத் தள்ளினார். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். சிநேகிதர்களும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். குற்றாலத்துக்கு வந்தும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அருவியைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

அந்தக் கோபமெல்லாம் காவல்காரர் சுடலைமுத்து தலையில் விடிந்தது. அவர் வடகரைக்காரர். வயல்வேலையை விட்டு, இருந்த குடிசையையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மனைவி பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு பங்களா கேட்டை ஒட்டிய ஒற்றை அறைக்குக் குடிவந்தவர். அந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. காரில் ஏறும்போது முதலாளி அவரிடம் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "அடுத்த வாட்டி நான் வர்றப்ப இந்தக் கதவு ஒரு விரலுக்கு நகரணும். நகரலைன்னா, இங்கிட்டு வேற ஆள் போட்டுருவேன்."

நான் சைக்கிளில் போய் இறங்கியபோது சுடலைமுத்து கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, அதிகாரிக்கு முன்னால் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னார். நான் கதவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது; எங்கே ஊதியிருக்கிறது என்பது விளங்கவில்லை. மேல் ஓரத்தைக் கொஞ்சம் இழைத்தேன். கதவு ஓடியது. நான் தென்காசி போய்ச் சேர்ந்து, மறுபடி சாரல் விழுந்ததும், திரும்ப நின்றுவிட்டதாகச் சொல்லியனுப்பினார். மறுபடியும் போனேன். வீட்டில் யாராவது அதட்டி வைத்தால் கதவு கேட்கக்கூடும் என்ற மாதிரி ஏதோ குழப்பத்தில் உளறினேன்போல.

"தம்பி, இந்தக் கதவு எனக்கு என்ன மச்சினனா, மருமகனா, சொன்னா கேக்கதுக்கு?"

நல்லதுக்குத்தானே ஊற்றினார்

அந்தச் சாரல் முழுக்க முதலாளி வரவில்லை. ஆனால் அவர் உறவினர்கள் முறை வைத்து வந்தார்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் போவதில்லை அல்லவா? உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, மிச்ச எண்ணெய் உள்ள சீசாவோடு பங்களாவுக்கு வருவார்கள். முதலாளியின் மைத்துனர் ஒருவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. கையில் சீசா இருந்தது. பிறகென்ன, தண்டவாளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நல்லெண்ணெய் அபிஷேகம் நடந்தது.

அன்று மாலை வரைக்கும் கதவு வழுக்கிக்கொண்டு ஓடியதாம். மைத்துனர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறார். பிறகு எண்ணெயில் தூசி சேர்ந்தது. காற்றில் வந்த பஞ்சும் சருகும் சேர்ந்தன. அதற்குப் பிறகு எறும்பு வந்தது. நான் போய்ப் பார்க்கும்போது தண்டவாளத்தின் பள்ளத்தில் தார் போட்ட மாதிரி ஒரு கறுப்புப் பசை. அதில் சக்கரம் புதைந்து கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினேன். பசை போனது, மண்ணெண்ணெய் வாடை வந்தது. அந்த அறையில்தான் அவர்கள் இலை போடுவது. எதை எடுத்ததற்கு எது வந்தது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது மைத்துனர் மூக்கைப் பிடித்தபடி வந்தார். நல்லெண்ணெய் விடக் கூடாது ஐயா என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்னப்பா சொல்ற? மனுசன் மூட்டுக்கே அதைத்தான் தேய்க்கிறோம். கதவோட மூட்டு மனுசன் மூட்டை விட ஒசத்தியா?"

வாத்தியார் மரத்தில் இருந்தார்

குற்றாலத்துக் குரங்குகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குரங்கு விஷயம் வேறு. ஆள் தள்ளினால் நகராத கதவைக் குரங்கு தள்ளினால் நகருகிறது என்று சுடலைமுத்து சொன்னார். வராண்டாவுக்கு வந்து, கதவை வேண்டிய அளவுக்குத் திறந்து, உள்ளே இருந்த வாழைப்பழத் தாரை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். முதலில் நம்பவில்லை. அப்புறம், வேறு வழி தெரியாததால், ஒரு சீப்புப் பழத்தை உள்ளே வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு தாய்க்குரங்கு வந்தது. கைப்பிடியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையோடு தரையாக உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தின் அடிப்பாகத்தில் கையை வைத்துத் தள்ளியது. சரசரவென்று கதவு போனது! நானும் ஓடிப்போய் உட்கார்ந்து, அதே மாதிரி அடியில் தள்ளினேன். போனது. எழுந்து நின்று கைப்பிடியில் தள்ளினேன். நின்றது. மேலே தள்ளினால் கதவு தலைசாய்ந்து இறுகிவிடுகிறது, கீழே தள்ளினால் நேராக ஓடுகிறது என்று புரிந்தது. ஆனால் கைப்பிடியை ஏன் மேலே வைத்தார்கள், மெட்ராஸ் இஞ்சினீயர் யாரை நினைத்து வைத்தார் என்பது மட்டும் புரியவில்லை.

அப்போது தங்கியிருந்தவர் முதலாளிக்குப் பெரியப்பா முறை. ஜரிகை வேட்டி, அங்கவஸ்திரம், கனத்த சரீரம். விருந்தாளிகள் இனிமேல் கீழே உட்கார்ந்துதான் கதவைத் தள்ள வேண்டும் என்பதை அவரிடம் சொல்லுகிற பொறுப்பு என்மேல் விழுந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, உட்கார்ந்து, தள்ளினார். கதவு திறந்தது. திறந்த கதவுக்கு முன்னால் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இதை இந்த மட்டோட வச்சுக்க. எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட யார்கிட்டப் படிச்சதுன்னு மட்டும் சொல்லிராத."

நடுவில் வெட்டிய கோலம்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தண்டவாளத்தில் வெள்ளையாக மாவு கிடந்தது. சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறதோ என்று கூரையை எல்லாம் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் காலையிலேயே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அருவியைப் பார்த்திருக்கிற அந்த வாசல்தான் வீட்டுக்குத் தலைவாசல் என்று பேச்சியம்மாள் முடிவு செய்து, தண்டவாளத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அதற்கு மேலேயே கோலம் போட்டுவந்திருக்கிறாள். கேட் பக்கத்து வாசலில் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதோடு சரி. அருவியில் அம்பாளே குளித்துவிட்டு அந்த வழியாகத்தான் வருவாளாம். கேட் வழியாகக் கார்தான் வருமாம். இதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

தண்டவாளத்தை மட்டும் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதியாகப் போடுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கும் இருந்ததால் மறு பேச்சில்லாமல் அப்படியே போட்டாள். போட்டு முடித்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

"எங்க ஊர்க்காரி எவளாவது இதப் பாத்தா, இந்த வீட்டுல பங்கு பிரிச்சாச்சான்னுல்லா தம்பி கேப்பா!"

சுரண்டையில் ஒரு சந்நிதி

இதற்கு நடுவில், குற்றாலத்துப் பங்களாக் கதவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற செய்தி எப்படியோ சுரண்டை வரைக்கும் போய்விட்டது. எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற செய்தி போகவில்லை. அங்கே ஒரு ஜவுளிக்கடைக்காரர் கடைக்கு முன்னால் கண்ணாடித் தள்ளுகதவு போட்டிருந்தார். அவர் கதவு நன்றாகவே ஓடியது. கோளாறு என்னவென்றால், கண்ணாடி இருப்பது தெரியாமல் சந்தைக்கு வந்த ஜனங்கள் நேராக வந்து நெற்றியை மோதிக்கொண்டார்கள். கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய் தம்பி என்றார். நெற்றி உயரத்தில் வெள்ளையாகக் கோடு போட்டால் தெரியும் என்றேன். என் குரலில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ, எனக்குத் தெரியாது.

அடுத்த சந்தை நாளில் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் விபூதியைக் குழைத்து மூன்று பட்டை அழகாகப் போட்டு, நடுவில் சந்தனமும் வைத்து, கதவுக்கு மேலே ஒரு மாலையும் தொங்கவிட்டிருந்தார். ஒருவரும் மோதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்றார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பினார். கடைக்காரர் உள்ளே துணிக் குவியலுக்கு நடுவே மூலவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாரவன் பூரா கும்பிட்டுட்டுப் போயிருதான் தம்பி. ஒருத்தன் உள்ள வந்து ஒரு துண்டு எடுக்க மாட்டேக்கான்!"

சக்கரம் இருக்குல்லா

புரட்டாசி பிறந்தது. தீபாவளி கழிந்ததும் முதலாளி வருகிறார் என்று டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சுடலைமுத்துவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வடகரைக்குப் போய்த் தம்பியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். குடிசையில் இப்போது மாடு கட்டியிருக்கிறோமே என்று அவர் சொல்லிவிட்டாராம். சுடலைமுத்து திரும்பி வந்தார். நான் தண்டவாளத்தைச் சுரண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டிய அழுக்கை எல்லாம் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். சட்டத்தின் ஓரங்களை இழைத்தேன், கைப்பிடியைக் கழற்றி இடுப்புக்குக் கீழே இறக்கி வைத்தேன், பள்ளத்தைத் துணியால் துடைத்தேன். கதவு ஓடியது. ஒரு விரல் என்று சொல்ல முடியாது. மூன்று விரலுக்கு நகர்ந்தது. முதலாளியின் விரல் கொஞ்சம் பெரியதாக இருக்கலாம் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சுடலைமுத்து கடைக்கே வந்துவிட்டார். வியர்த்து வழிந்தது. கதவு அடியோடு நின்றுவிட்டது என்றார். போனேன். கதவுக்குச் சந்தனம், குங்குமம், மாவிலை எல்லாம் வைத்திருந்தது, அது பரவாயில்லை. ஆனால் அடியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு முன்னால் வைத்து, புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து, சாமியைக் கும்பிட்டுக் கதவை ஏற்றியிருக்கிறார்கள். சாறு தண்டவாளத்தில் ஓடி, இரும்பு முழுக்கச் செந்நிறமாகத் துரு. சதை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது. விதை ஒவ்வொன்றும் அச்சுக்குள்ளே போய் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. சக்கரங்கள் அவ்வளவுதான், இனி அவற்றால் பிரயோஜனம் இல்லை.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, எந்த இடத்தில் கோபப்படுவது என்று பிடிபடவில்லை. வேலை போகக் கூடாது, கதவு ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதானே வைத்திருக்கிறார்கள்? கதவுக்கு யாராவது எலுமிச்சம்பழம் வைப்பார்களா அண்ணே என்று மட்டும் கேட்டேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு வைக்கான், மாட்டு வண்டிக்கு வைக்கான், நீங்க வந்த சைக்கிளுக்கும் வச்சிருப்பீய. இதுக்கும் சக்கரம் இருக்குல்லா தம்பி?"

வாழைப்பட்டை அளவு

ஞானமுத்து அண்ணாச்சி பம்பாய்க்கு எழுதிப் போட்டுப் புதுச் சக்கரங்கள் வரவழைத்தார். இவை உள்ளே எஃகுக் குண்டு வைத்தவை. விரலால் சுண்டினால் நெடுநேரம் நிற்காமல் சுற்றின. மாட்டினேன். அப்போதும் கதவு ஒரு மூலையில் உரசியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது மழையில் வராண்டாக் கல் ஒரு பக்கமாக இறங்கித் தண்டவாளமும் அதோடு இறங்கியிருந்தது தெரிந்தது. ஆக, மரமும் இல்லை, எண்ணெயும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை, அல்லது எல்லாமும்தான். வனஸ்பதி டப்பாவை வெட்டி, அந்தத் தகரத்தை இறங்கிய பக்கத்தில் தண்டவாளத்துக்கு அடியில் செருகினேன். உரசியது. இன்னொரு தகரம் செருகினேன். உரசியது. அண்ணாச்சியே ஒருநாள் பார்க்க வந்தார். அவரும் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒற்றைக் கண்ணாலும் பார்த்தார். இன்னும் எவ்வளவு ஏற்றட்டும் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"ஒரு வாழைப்பட்டை தண்டிக்கு ஏத்துலே. கூடிட்டுன்னா குறைச்சிக்கிடலாம், குறைஞ்சிட்டுன்னா கூட்டிக்கிடலாம், எனக்கு என்னலே தெரியும்!"

முதலாளி வந்தார்

ஐப்பசி மழை சரம் சரமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில் கார் வந்து நின்றது. அண்ணாச்சி சொன்ன தண்டிக்குத் தகரம் ஏற்றி, உரசாமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட நான் காலையிலேயே வந்துவிட்டிருந்தேன். கேட் பக்கத்து அறையைத் தாண்டும்போது உள்ளே பார்வை போனது. பேச்சியம்மாள் பானை சட்டிகளை எல்லாம் ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்திருந்தாள். போகச் சொன்னால் உடனே போய்விட வேண்டும், சாமான் எடுக்கிற சாக்கில் நின்று பேச்சு வாங்கக் கூடாது என்றாள். சுடலைமுத்து வெளுத்த வேட்டி கட்டி, கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது.

முதலாளி பட்டு ஜிப்பாவோடு நேராக வந்தார். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிச் சட்டத்தில் வைத்தார். கதவு போனது! சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனது. முதலாளி விரலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "பலே" என்று சொல்லிவிட்டு வராண்டாவுக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அருவியைப் பார்த்தபடி நின்றார். சுடலைமுத்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த நிமிஷம் இரண்டு பேருமாகப் பேச்சியம்மாளிடம் சொல்ல ஓடினோம். மூட்டையை அவிழ்த்துவிடலாம் என்று சுடலைமுத்து சொன்னார். அவள் அவிழ்த்து முதலில் காப்பிச் சட்டியை வெளியே எடுத்தாள். முதலாளிக்குக் காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். ஈர விறகு, பற்ற நேரமாயிற்று.

காப்பியோடு பங்களாவுக்குத் திரும்பி வந்தபோது அறையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. உள்பக்கக் கொண்டியும் விழுந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மழை சாய்த்து அடிக்கிற, கீழே இறங்கப் படியில்லாத வராண்டாவில், பட்டு ஜிப்பா உடம்போடு ஒட்டிப்போய் முதலாளி நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. அருவிச் சத்தமும் மழைச் சத்தமும் சேர்ந்து, அவர் பேசுவது ஒரு சொல் கேட்கவில்லை. கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகத் தட்டுகிறாரோ! யார் சாத்தியது? சுடலைமுத்து தம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஒரே பாய்ச்சலில் போய்க் கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலாளி தலையைத் துவட்டினார்.

"யாருய்யா சாத்துனது?"

"யாரும் சாத்தல முதலாளி. அதுவா சாத்திக்கிட்டு."

"அதுவாவா?"

முதலாளி துண்டோடு நின்று கதவைக் கோடி வரைக்கும் தள்ளிவிட்டுக் கையை எடுத்தார். கதவு அங்கே கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்லப் புறப்பட்டு, வரவர வேகம் பிடித்து, யாரோ தள்ளுகிற மாதிரி வந்து சட்டத்தில் மோதியது. மோதிய வேகத்தில் கொண்டி 'டக்' என்று தானே விழுந்தது. வாழைப்பட்டை தண்டி கூடிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சியம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவள் கையில் காப்பிச் சட்டி மறுபடியும் மூட்டைக்குப் போகிற மாதிரி இருந்தது.

"நான் ஒரு விரலுக்கு நகரணும்னுதான் சொன்னேன். இது விரலே இல்லாம நகருதே!" என்றார் முதலாளி. திட்டுகிறாரா, மெச்சுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. சுடலைமுத்துவுக்கும் விளங்கவில்லை. தகரத்தை எடுத்தால் வேகம் குறையும், ஆனால் பழையபடி ஒட்டிக்கொண்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளதைச் சொன்னேன். காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொன்னேன். ஒட்டிக்கொள்ளும் என்றதும் அவருக்கு அந்த நாலு சிநேகிதர்களின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம், வேணாம். ஒட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு இது ஓடிட்டே போகட்டும்," என்றார். காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு சுடலைமுத்து பக்கம் திரும்பினார். "ஆனா இந்தா பாரு. இவ்வளவு நேரம் வெளிய நின்னு கத்துறேன், நீ வந்து திறக்கலைன்னா என் கதி என்ன? இனிமே நான் இங்கிட்டு இருந்தாலும் சரி, எங்க வீட்டாளுக யாரு வந்தாலும் சரி, இந்தக் கதவுக்குப் பக்கத்துல ஆள் இருந்துக்கிட்டே இருக்கணும். நீ கடைக்குப் போனா உன் வீட்டுக்காரம்மா நிக்கணும். தெரியுதா? இந்தக் கதவை நம்பி வேற எவனையும் விட முடியாது."

அவர் உள்ளே உடை மாற்றப் போனதும், என்ன இருந்தாலும் ரிப்பேர்க்காரன் அல்லவா, நான் குனிந்து ஒரே ஒரு தகரத்தை மட்டும் உருவிப் பார்க்கலாம் என்று திருப்புளியை எடுத்தேன். ஒன்றை எடுத்தால் ஒட்டவும் செய்யாது, ஓடவும் செய்யாது, நடுவாந்தரமாக நிற்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். சுடலைமுத்து உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், இது ஒண்ணையாவது சரி பண்ணாம விட்டுருங்க!"

அந்தக் கதவு நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று இன்றைக்கும் புரியாமல், அதைச் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே மாதாமாதம் குற்றாலத்துக்குச் சைக்கிள் மிதிக்கிற ரிப்பேர்க்காரன், எனக்குத் தெரிந்து இந்தத் தென்காசிச் சீமையிலேயே நான் ஒருவன்தான்.